நாற்பத்து மூன்று புள்ளிகள்

பத்தாவது பெட்டியை வெறுமையாக விட்டால் கணினி ஒப்புக்கொள்ளாது. பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, நிரப்பு, நிரப்பு என்று அடம்பிடிக்கும். எல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் ஆரம்பித்தது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் பழியைத் தூக்கி ஒரு பெட்டியின் தலையில் போடுவதும் இன்னொரு பொய்யாகிவிடும். இதுவரை சொன்ன பொய்களே போதும்.

எங்களுடையது பிளாஸ்க் தயாரிக்கிற கம்பெனி. கீழே தொழிற்கூடம், மேலே ஆபீஸ். மாடிப்படியை ஒட்டிய பலகைத் தடுப்புக்குள் ஒரு போன், ஒரு கணினி, ஒரு நாற்காலி. அதுதான் என் இடம். பிளாஸ்க் வாங்கியபோது உத்தரவாத அட்டையில் எண் எழுதிக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். வயது என்ன, எந்தக் கையால் திறக்கிறீர்கள், திறக்க எத்தனை நொடி ஆகிறது, எங்கே வைத்துத் திறக்கிறீர்கள் என்று ஒன்பது கேள்விகள் வரிசையாக வரும். பத்தாவது மட்டும் வேறு மாதிரி. 'எப்படித் திறக்கிறீர்கள், உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்.' பதில்களை அந்தந்தப் பெட்டியில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேர்.

போன் மணி அந்தப் பக்கம் அடிக்கிற சத்தம் கேட்டாலே பேச வேண்டிய வாக்கியம் எனக்கு மறந்துபோகும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் விடை தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நிற்க மாட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன், நான் எழுந்து நின்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. அந்தப் பழக்கம் விடவில்லை. ஆபீசில் என் குரலைக் கேட்டவர்கள் வைத்த பெயர் முணுமுணு.

வைத்தவர் புள்ளி அண்ணன். அவருக்கும் அது சொந்தப் பெயர் இல்லை. மீட்டிங் அறைச் சுவர் முழுக்க ஒரு தொடுதிரை உண்டு. நான் ஏற்றுகிற பதில்களையெல்லாம் அந்தத் திரையில் புள்ளிகளாக மாற்றிக் காட்டுவது அவர் வேலை. ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி. 'வயது' என்று தொட்டால் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்து போய் வயதுவாரியாக நிற்கும். 'கை' என்று தொட்டால் கலைந்து இரண்டு கூட்டமாகப் பிரியும். 'பேச்சு' என்று தொட்டால், பத்தாவது பெட்டியில் ஒரே மாதிரிச் சொற்கள் உள்ளவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஒரு புள்ளியை விரலால் அழுத்தினால் அந்த ஆள் சொன்னது அப்படியே எழுத்தாக விரியும்.

"பொண்ணு பாக்கப் போன இடத்துல என்ன வேலைன்னு கேட்டாங்க. புள்ளி வைக்கிறேன்னேன். கோலம் போடறவனான்னு கேட்டு அனுப்பிட்டாங்க" என்பார். நான் சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வேன்.

முதல் பொய் சின்னது. ஒரு அம்மாள் ஒன்பது கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பத்தாவது கேட்கும்போது பின்னால் குழந்தை வீறிட்டது. "அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். சிவப்புக் கோடு. ஒரு பெட்டிக்காக ஒன்பது பெட்டி வீணாகப் போகிறதே என்று தோன்றியது. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை. கை தானாக எழுதியது.

எழுதியது எதை என்பதுதான் விஷயம்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் கம்பெனி பிளாஸ்க்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்து, இடது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடியோடு சேர்ந்து பிளாஸ்க்கும் சுற்றியது. தாடையை வைத்து அழுத்திப் பார்த்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். நான் உள்ளே போகவில்லை. போனால் அவள் கூசிப்போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஓசைப்படாமல் மாடிப்படிக்குப் போய் நூறுவரை எண்ணினேன். பிறகு செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு வந்தேன். அம்மா படுத்திருந்தாள். பிளாஸ்க் மேசைமேல் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதைத்தான் பெட்டியில் எழுதினேன். 'முழங்காலுக்கு நடுவுல நெருக்கி வச்சுக்குவேன். ஒரு கையால திருகுவேன். கொஞ்ச நேரம் சண்டை போடும், அப்புறம் திறந்துடும்.' எழுதியபோது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு போனை எடுக்காதவர்களுக்கும் எழுத ஆரம்பித்தேன். 'பதில் இல்லை' என்று போட ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது பதில் இல்லாதவை பத்தைத் தாண்டினால் முதலாளி தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "என்ன, இன்னைக்கு ஊரே ஊமையாயிடுச்சா, இல்ல நீயா" என்று கேட்பார். அவர் கேட்பது தமாஷுக்குத்தான். எனக்கு அன்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியே காதில் கேட்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. சந்தேகம் வரக் கூடாதென்று வயதை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒருத்தருக்கு முப்பத்திரண்டு, ஒருத்தருக்கு அறுபத்தெட்டு. ஒருத்தர் கதவிடுக்கில் வைத்துத் திறந்தார். ஒருத்தர் அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆனால் எல்லோரும் இடது கை. எல்லோரும் கடைசியில் திறந்துவிட்டார்கள்.

அறுநூறு பதில் சேர்ந்ததும் புள்ளி அண்ணன் எல்லோரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி, டிசைனர் அக்கா, நான். டிசைனர் அக்காதான் அடுத்த பிளாஸ்க்கை வரைகிறவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். போன் செய்தவள் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். கதவுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

புள்ளி அண்ணன் 'பேச்சு' என்று தொட்டார். அறுநூறு புள்ளிகளும் கிளம்பி ஊர்ந்தன. பெரிய கூட்டம் நடுவில் சேர்ந்தது. திருகினால் திறக்கிறது, சுலபம், பரவாயில்லை என்று சொன்னவர்கள். அவர்களை விட்டு விலகி, இடது பக்கம் கீழே, திட்டாக ஒரு சின்னக் கூட்டம் தனியாகப் போய் உட்கார்ந்தது.

"அது யாரு அங்க, கோவிச்சுக்கிட்டுப் போய் உக்காந்திருக்கறது?" என்றார் டிசைனர் அக்கா.

எழுந்து போய் அந்தத் திட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். உள்ளே இருந்தவை மட்டும் ஒளிர்ந்தன. ஐம்பத்தொன்று என்று எண் வந்தது. பக்கத்தில் இருந்த வயதுக் கோடுகள் சரசரவென்று மாறின.

"இங்க பாருங்க. முப்பதுலேருந்து எழுபது வரைக்கும் பரவி நிக்குது. அப்ப இது வயசானவங்க பிரச்சினை இல்ல." 'கை' என்று தொட்டார். ஏறக்குறைய எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் ஓடியது. "அத்தனை பேரும் இடது கை. முதலாளி, இவங்க ஒரு கையால திறக்கறவங்க. இப்படி ஒரு கூட்டம் இருக்கறதே நமக்குத் தெரியாது."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சந்தேகம் வரக் கூடாதென்று நான் போட்ட வயதுகள்தான் அங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

அக்கா ஒவ்வொரு புள்ளியாக அழுத்தி உரக்கப் படித்தார். 'திறக்கும்போது யாரும் பாக்காம இருந்தா நல்லாருக்கும்.' 'என் கைதானே, என் பேச்சைக் கேக்கணும்ல.' 'மூடி திறந்ததும் ஏதோ பரிட்சையில பாஸ் ஆன மாதிரி இருக்கும்.' நான் ரகசியமாக எழுதியது எதையும் யாரும் இதற்கு முன்னால் வாய்விட்டுப் படித்ததில்லை. இன்னொருத்தர் படிக்க நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தியால் துடைத்தார்.

"முணுமுணு, நீ எப்படி இவங்களைப் பேச வச்ச? நாங்க கேட்டா சரி, நல்லாருக்குங்கறதோட நிறுத்திக்குவாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடக்கத்தைப் பாரு" என்றார் புள்ளி அண்ணன்.

"வாயில்லாத பொண்ணுக்குக் காது நல்லா வேலை செய்யுது" என்றார் முதலாளி. அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பத்து நாளில் அக்கா புது பிளாஸ்க்கை வரைந்துவிட்டார். அடிப்பக்கம் இடுப்பு மாதிரி ஒடுங்கி, சுற்றிலும் ரப்பர் வளையம். முழங்காலுக்கு நடுவில் வைத்தால் வழுக்காது, மூடியோடு சுற்றாது. மரத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்தார்கள். முதலாளி தன் முழங்காலில் வைத்துப் பார்த்து, "இது நிக்குதுய்யா" என்றார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால் கீழே வார்ப்பு அச்சு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இரும்பில் வெட்டினதை ஒட்டவைக்க முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா என் தடுப்புக்குள் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"பரிட்சையில பாஸ் ஆன மாதிரின்னு சொன்னாங்களே, அவங்க நம்பர். வெட்டறதுக்கு முன்னாடி ஒருத்தரையாவது நேர்ல பாத்து, மரத்துல செஞ்சதைக் கையில குடுத்துப் பாக்கணும். போன் போட்டு வரலாமான்னு கேளு."

அவர் எதிரிலேயே போட வேண்டியதாயிற்று. மணி அடித்தது. எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு மாதம் முன்னால் அந்த எண் எடுக்கவே இல்லை. இப்போது இரண்டாம் மணியிலேயே ஒரு ஆண்குரல் எடுத்தது.

"பிளாஸ்க்கா? அது ஓட்டைன்னு வாங்கின வாரமே மச்சானுக்குக் குடுத்துட்டேனே. என்ன, மாத்தித் தரப் போறீங்களா?"

"என்னவாம்?" என்றார் அக்கா.

"எடுக்கல" என்றேன். அந்தப் பக்கம், "ஏம்மா, எடுத்துட்டுத்தானே பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வழக்கம்போல் காத்திருந்தாள். காலையில் நான் பாலைக் காய்ச்சி, பிளாஸ்க்கில் ஊற்றி, ஆறாமல் இருக்கட்டும் என்று இறுக்கி மூடிவிட்டுப் போவேன், மத்தியானத்துக்கு. சாயங்காலம் வந்தால் பெரும்பாலும் அது அப்படியே இருக்கும். "தனியா என்ன குடிக்கறது, நீ வந்ததும் சேந்து குடிக்கலாம்னு வச்சிருந்தேன்" என்பாள். நான் திறந்து இரண்டு தம்ளரில் ஊற்றுவேன். அன்றும் அதே மாதிரிதான். அவள் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"என்ன, ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா? மூஞ்சி செத்துக் கிடக்கு."

"பாராட்டினாங்கம்மா."

"அதுக்கா இப்படி இருக்கே. திட்டினா எப்படி இருப்பே?"

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனேன். வாயால் சொல்ல என்னால் முடியாது. அது எனக்குத் தெரியும். கணினியில் புதிதாக ஒரு வரிசை சேர்ப்பது எப்படி என்று புள்ளி அண்ணன் ஒரு நாள் காட்டியிருந்தார். சேர்த்தேன். 'கேட்டது', 'கேட்காதது' என்று இரண்டு பெயர் வைத்தேன். அறுநூறு பேரையும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனேன். எது என்னுடையது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றும் தெரிந்தது. நாற்பத்து மூன்று.

மீட்டிங்கில் முதலாளி வரைபடத்தை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். திரையில் அந்தத் திட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போனேன். நான் எழுந்ததே அதிசயம் என்பதுபோல் மூவரும் பார்த்தார்கள். ஓரத்தில் புதிதாக வந்திருந்த 'கேட்டது மட்டும்' என்பதைத் தொட்டேன்.

திட்டு அணைந்தது. ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக. அங்கே எட்டுப் புள்ளிகள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் தூரம் தூரமாக நின்றன.

"என்னய்யா ஆச்சு?" என்றார் முதலாளி.

புள்ளி அண்ணன் பதறிப்போய்த் திரையைத் தட்டினார். "தெரியல சார். ராத்திரி ஏதோ மாறியிருக்கு. நான் இதைத் தொடவே இல்ல."

"இந்தக் கண்கட்டு வித்தையை நம்பியா அச்சு வெட்டறோம்? இன்னைக்கு ஐம்பத்தொண்ணு, நாளைக்கு எட்டு. கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் மறைஞ்சிருந்தா? உன்னை நம்பினேன் பாரு."

"சார், ஒரு நிமிஷம் குடுங்க."

புள்ளி அண்ணனின் காது மடல் சிவந்துபோயிற்று. என் காது எப்படிச் சூடாகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேச வந்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணன் தப்பு இல்ல சார். அந்த நாப்பத்து மூணும் யாரும் சொன்னதில்ல. நான் எழுதினது."

"சத்தமாச் சொல்லு."

"நான் எழுதினது."

டிசைனர் அக்கா மரத்தில் செய்த பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தார். "அப்ப அந்த முழங்கால் நடுவுல வச்சுத் திறக்கற அம்மா?"

"அவங்க இருக்காங்கக்கா. எங்கம்மா."

"கதவிடுக்குல வச்சுத் திறக்கறவங்க?"

"அதுவும் அம்மாதான். எல்லாம் அம்மாதான்."

முதலாளி பேனாவை மூடினார். "ஒரே ஆளை வச்சு ஊரையே கட்டியிருக்கே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னார். "வெளிய உக்காரு."

மாடிப்படியில் உட்கார்ந்தேன். தொழிற்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் ஏறி இறங்கும்போது ஒதுங்கி வழிவிட்டேன். யாருக்கும் இன்னும் தெரியாது. தெரிந்த மாதிரியே இருந்தது. வெகு நேரம் கழித்து டிசைனர் அக்கா வந்தார். உட்காரவில்லை.

"அதைப் படிச்சுட்டு நான் அழுதேன், ஞாபகம் இருக்கா? உன் எதிர்லயே அழுதேன். நீ அப்படியே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தே."

"ஆமாக்கா."

"எங்கிட்ட மன்னிப்பு கேக்காத. கேட்டா எனக்கு இன்னும் கோவம் வரும்." படிக்கட்டின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அறுநூறு பேருக்குப் போன் போட்டியே, உங்கம்மா கிட்ட இந்தப் பத்துக் கேள்வியைக் கேட்டியா?"

ஏறி வந்த ஒருத்தருக்கு மறுபடி ஒதுங்கி வழிவிட்டேன்.

"கேக்கல" என்றார் அவரே. "எழுந்திரு. போகலாம்."

மத்தியான வேளையில் நான் வீட்டுக்குப் போனதே இல்லை. வெயிலில் எங்கள் தெரு வேறு தெரு மாதிரி இருந்தது. அக்கா முன்னால் நடந்தார், ஒரு கையில் கேள்வித்தாள், இன்னொரு கையில் மர பிளாஸ்க். நான் இரண்டடி பின்னால். கதவைத் தட்டாமல் திறந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். பின்னால் ஆள் வருவதைப் பார்த்ததும் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

"எங்க ஆபீஸ் அக்காம்மா."

"வாங்கம்மா. வீடு கிடக்கற கிடப்புல வந்திருக்கீங்க. ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்வை ஒரு தடவைகூட என் பக்கம் வரவில்லை.

"நாப்பத்து மூணு பேரா?" என்றாள் கடைசியில்.

"ஆமாங்க."

"ஒருத்தியை வச்சுக்கிட்டே இவளால சமாளிக்க முடியல." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீ கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டிருந்தே."

தரையில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தேன். மேசைமேல் பிளாஸ்க் இருந்தது, காலையில் நான் வைத்த இடத்தில், நான் திருப்பி வைத்த அதே பக்கம் பார்த்துக்கொண்டு.

அக்கா கேள்வித்தாளை எடுத்தார். வயது. அம்மா சொன்னாள். நான் போட்ட நாற்பத்து மூன்று வயதுகளில் ஒன்றுகூட அது இல்லை. எந்தக் கையால் திறக்கிறீர்கள் என்று கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீ கொஞ்சம் வெளிய போய் இரு."

"அம்மா."

"போடி. கதவைச் சாத்திட்டுப் போ."

அன்றைக்கு நூறுவரை எண்ணின அதே படியில் உட்கார்ந்தேன். எங்கள் கதவு மெல்லிய பலகை. போகச் சொன்னது ஒரு மரியாதைக்குத்தான், கேட்காமல் இருக்க அங்கே வழியே இல்லை.

"நான் திறக்கறதே இல்லம்மா" என்றாள் அம்மாவின் குரல். "ஒரு நாள் முழங்கால்ல வச்சுப் பாத்தேன். வரல. அதுக்கப்புறம் தொடறதில்ல. பாவம், அவ கம்பெனியில குடுத்தாங்கன்னு ஆசையாக் கொண்டாந்தா. காலையில பால் ஊத்தி, சூடு போகக் கூடாதுன்னு நல்லா இறுக்கி மூடிட்டுப் போவா. சாயங்காலம் வரைக்கும் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். வந்தா, உன்கூட குடிக்கலாம்னு வச்சிருந்தேன்னு சொல்லுவேன். நம்பிடுவா. இறுக்கமா மூடாதடின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. வாய் வரல. அவ படிப்பை விட்டதே என் கையாலதான். இதையும் எப்படிச் சொல்றது?"

அக்கா கேள்வித்தாளைப் புரட்டுவது கேட்டது. பிறகு, "திறக்க எத்தனை நொடி ஆகுதுன்னு ஒரு பெட்டி இருக்குங்க. அதுல என்ன போடறது?" என்றார்.

"திறந்தாத்தானே நொடி."

மர பிளாஸ்க்கை அம்மா முழங்காலில் வைத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஏதோ உருண்டு தரையில் விழுந்தது. "காலும் ஒண்ணுதானே பிடிக்குது" என்றாள் அம்மா.

நான் நாற்பத்து மூன்று தடவை திறந்த மூடி அது.

அக்கா வெளியே வந்தபோது நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. கேள்வித்தாளை என் மடியில் வைத்தார். பத்தாவது இடத்தில் எதுவும் எழுதவில்லை.

"கேட்டுச்சுல்ல. இதை நீ ஏத்து. அவங்க சொன்னபடி." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "முழங்கால் கிடையாது. ஒரு கை கட்டை விரலால அழுத்தினாத் திறக்கணும். முதல்லேருந்து வரையணும். உன்மேல கோவம் போகல, அதையும் தெரிஞ்சுக்கோ."

சாயங்காலம் முதலாளி முடிவைச் சொன்னார். அச்சு இப்போது இல்லை. நாற்பத்து மூன்று எண்களுக்கும் நான் மறுபடி போன் செய்ய வேண்டும். பக்கத்தில் டிசைனர் அக்கா உட்கார்ந்திருப்பார். அது முடிந்தபிறகு நான் இருப்பதா போவதா என்று அவர் யோசிப்பார். புள்ளி அண்ணன் என்னோடு பேசவில்லை. முணுமுணு என்றும் கூப்பிடவில்லை.

அம்மாவின் பதிலை ஏற்ற உட்கார்ந்தேன். வயது. கை. 'எத்தனை நொடி' என்பதை வெறுமையாக விட்டேன். சிவப்புக் கோடு வந்தது. நிரப்பு, நிரப்பு. எண்பது என்று போட்டால் ஒப்புக்கொண்டுவிடும். நூறு என்றாலும் ஒப்புக்கொள்ளும். எழுந்து புள்ளி அண்ணனின் மேசைக்குப் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு பெட்டியை வெறுமையா விடணும். விட மாட்டேங்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எதையோ தட்டினார். "இப்பப் பாரு" என்றார். "இதை அன்னைக்கே வந்து கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். திரும்பி வந்து சேமித்தேன். கோடு வரவில்லை.

மறுநாள் காலை பாலைப் பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருகாமல் அப்படியே மேலே வைத்தேன். அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிடும்" என்றாள்.

"ஆறட்டும்."

செருப்பை மாட்டினேன். கதவருகில் போனதும் கூப்பிட்டாள்.

"நான் சொன்னதை ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

"நீயா எதுவும் சேக்கலையே?"

"இல்லம்மா" என்றேன். அவள் நம்பினாளா என்று திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை.